காணாமல் போகும் தபால்: நல்ல பெட்டியா, த.பெ. எண்ணா, வேறு முகவரியா, ஸ்பீடு போஸ்ட்டா?

டெபிட் கார்டு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது என்கிறது வங்கி. சந்தா கட்டிய மாத இதழ் மூன்றுக்கு ஒன்றுதான் வந்து சேர்கிறது. அடுத்த தெருவில் அதே கதவு எண்ணில் குடியிருப்பவர், முகூர்த்தம் முடிந்து பத்து நாள் கழித்துக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த நிலையில் சிக்கியவர்கள் ஐந்து வழிகளுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். வீட்டுப் பெட்டியையும் முகவரியையும் சரிசெய்வது, தபால் நிலையத்திலேயே ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்துத் த.பெ. (தபால் பெட்டி) எண் வாங்குவது, ஆபீஸ் முகவரியையோ உறவினர் முகவரியையோ கொடுப்பது, எல்லாவற்றையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பச் சொல்வது, காகிதமே வேண்டாம் என்று மின்னஞ்சலுக்கு மாறுவது.

ஐந்துமே சில வீடுகளுக்குச் சரி, சில வீடுகளுக்குத் தண்டம். தபால் எங்கே தொலைகிறது என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பலருக்குப் பணமும் போய்த் தபாலும் வருவதில்லை. பின்கோடு தப்பாக இருக்கும் வீட்டில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஸ்டீல் பெட்டி மாட்டினால், அதில் மனை விற்பனை நோட்டீஸ்தான் சேரும்.

## முதலில் ஒரு சோதனை: ஆறு உறை, முப்பது ரூபாய்

20 கிராமுக்குள் அடங்கும் சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய் ஸ்டாம்ப். ஆறு உறைகளில் ஒவ்வொரு தாளை மடித்து வையுங்கள். உறையின் மூலையில் பென்சிலால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். மூன்றில் உங்கள் முகவரியை நீங்கள் வழக்கமாக எழுதுவது போலவும், மீதி மூன்றில் வங்கியிலோ பத்திரிகைச் சந்தாவிலோ பதிவாகியிருக்கும் வடிவத்தில் ஒரு எழுத்துகூட மாற்றாமலும் எழுதுங்கள். இரண்டு வேறு பகுதிகளில் உள்ள சிவப்புப் பெட்டிகளில், மூன்று மூன்று நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள். கூடவே ஒரே ஒரு ஸ்பீடு போஸ்ட்டை உங்கள் பெயருக்கே அனுப்புங்கள். ஒரே ஊருக்குள் என்றால் 50 கிராம் வரை 19 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

எல்லாம் வந்தால் உங்கள் தபால்காரர் மேல் குறை இல்லை. அனுப்புகிறவரின் பதிவேட்டிலோ அவர் ஒட்டும் லேபிளிலோதான் கோளாறு. நீங்கள் எழுதிய வடிவம் மட்டும் வந்து, வங்கி வடிவம் வராவிட்டால் சந்தேகமே வேண்டாம், முகவரிதான். ஸ்பீடு போஸ்ட் வந்து சாதாரணக் கடிதங்கள் வராவிட்டால், தபால் உங்கள் டெலிவரி ஆபீஸ் வரை, அதாவது உங்கள் தெருத் தபால்காரர் கிளம்பும் தபால் நிலையம் வரை, ஒழுங்காக வருகிறது. தெருவிலோ வாசலிலோ நழுவுகிறது. ஸ்பீடு போஸ்ட்டும் வராமல், டிராக்கிங்கில் ‘கதவு பூட்டியிருந்தது’ என்றோ ‘முகவரி போதாது’ என்றோ விழுந்தால், அந்த வரியே விடை. சில கடிதங்கள் மட்டும் தாமதமாக, வேறொரு தபால் நிலையத்தின் முத்திரையோடு வந்தால் பின்கோடு பிசகு.

## எதை வைத்து எடைபோடுவது

வரும் தபால் எந்த வகை என்பதுதான் முதல் அளவுகோல். டிராக்கிங் எண் இல்லாத சாதாரணத் தபாலுக்கு எங்கும் பதிவு கிடையாது. தபாலில் சேர்த்ததற்குச் சான்றிதழ் தரும் பழைய வசதியும் 2011-லேயே நின்றுவிட்டது. அது தொலைந்தால் யாரையும் எதுவும் கேட்க முடியாது. எண் உள்ள தபாலுக்கு ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகும்.

அடுத்தது, அனுப்பும் முறையைத் தீர்மானிப்பவர் யார் என்பது. இதழின் ஆசிரியரிடம் ‘இப்படி அனுப்புங்கள்’ என்று சொல்லலாம். பாஸ்போர்ட் அலுவலகத்திடமோ நீதிமன்றத்திடமோ சொல்ல முடியாது.

வீட்டில் பகலில் ஆள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரணத் தபாலுக்கு நல்ல பெட்டி போதும். கையெழுத்து வாங்கும் தபாலுக்கு ஆள் வேண்டும்.

கடைசியாக, வராமல் போனால் இழப்பு எவ்வளவு? இதழ் தொலைந்தால் எரிச்சலோடு போகும். வக்கீல் நோட்டீஸ் அப்படியல்ல. சரியான முகவரிக்கு, தபால் கட்டணம் செலுத்தி, பதிவு செய்து அனுப்பிய நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் ஊகிக்கும். 1897-ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அது. ‘வாங்கவில்லை’ என்று திரும்பிப் போனாலும் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்; வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். காசோலை திரும்பிய வழக்கில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். ஆகவே கையெழுத்துத் தபாலைத் தட்டிக்கழிக்கிற எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடு அல்ல.

| வழி | எண் இல்லாத தபால் | எண் உள்ள தபால் | செலவு | எங்கே இடறும் |
|---|---|---|---|---|
| வீட்டுப் பெட்டியும் முகவரியும் | நன்றாகக் காக்கும் | முகவரி சரியானால் பாதிப் பிரச்சினை தீரும் | ஒருமுறைச் செலவு | பகலில் பூட்டிய வீடு |
| த.பெ. எண் | மிகப் பாதுகாப்பு | கவுன்ட்டரில் வாங்க வேண்டும் | வாடகையும் போக்குவரத்தும் | முகவரிச் சான்று, கூரியர் |
| வேறு முகவரி | அங்குள்ள ஆளைப் பொறுத்தது | வாங்க ஆள் இருக்கும் | பணமாக இல்லை | வேலை மாற்றம், அந்தரங்கம் |
| ஸ்பீடு போஸ்ட் | பொருந்தாது | இதற்காகவே உள்ளது | ஒவ்வொரு தபாலுக்கும் | ஓடிபி, பூட்டிய கதவு |
| மின்வழி | தேவையே இல்லை | சிலவற்றுக்கு மட்டும் | இல்லை | பழைய செல் எண், படிக்காத மின்னஞ்சல் |

## வழி 1: வீட்டு முகவரியையும் பெட்டியையும் சரிசெய்வது

பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான். செலவும் இதற்குத்தான் குறைவு. இருந்தும் பலர் கடைசியாகத்தான் இதற்கு வருகிறார்கள்.

முகவரி. பின்கோட்டின் கடைசி மூன்று இலக்கம் டெலிவரி செய்யும் தபால் நிலையத்தைக் குறிக்கும். பலரும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையத்தின் எண்ணை எழுதுகிறார்கள். அந்தச் சிறிய ஆபீஸில் ஸ்டாம்ப் விற்பார்கள், சேமிப்புக் கணக்கு பார்ப்பார்கள். தபால்காரர்கள் வேறொரு பெரிய ஆபீஸிலிருந்து கிளம்புவார்கள். உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடமே ‘எந்த ஆபீஸிலிருந்து வருகிறீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். அந்த ஆபீஸின் எண்தான் உங்கள் பின்கோடு.

கதவு எண் அடுத்தது. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் புழங்கும் தெருக்கள் ஏராளம். ஒரு வீட்டின் பழைய எண் நாலு வீடு தள்ளி இருப்பவரின் புதிய எண்ணாக இருக்கும். இரண்டையும் எழுதாமல் ஒன்றை மட்டும் எழுதினால், விடுப்பில் போன தபால்காரருக்குப் பதிலாக வரும் மாற்று ஆள் நிச்சயம் தப்பாகப் போடுவார். தெருவுக்கும் இதே கதை. காந்தி தெரு, காந்தி முதல் குறுக்குத் தெரு, காந்தி நகர் பிரதான சாலை மூன்றும் ஒரே பகுதியில் இருக்கும்.

வங்கி, காப்பீட்டுப் பதிவுகளில் முகவரி வரி ஒவ்வொன்றுக்கும் இத்தனை எழுத்து என்று வரம்பு உண்டு. ‘பிள்ளையார் கோயில் எதிரில், பழைய ரேஷன் கடை மாடி’ என்று முதல் வரியிலேயே ஆரம்பித்தால், அடையாளம் முழுசாக அச்சாகும், கதவு எண் வெட்டுப்பட்டுப் போகும். ஜன்னல் வைத்த உறையில் தாள் கொஞ்சம் கீழே சரிந்தாலும் கடைசி வரியில் இருக்கும் பின்கோடு மறைந்துவிடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

செல்வி ரா.
பழைய எண் 7, புதிய எண் 14, முதல் மாடி
காந்தி 2-வது குறுக்குத் தெரு
பகுதியின் பெயர் (பிள்ளையார் கோயில் எதிரில்)
ஊர் – பின்கோடு, செல் எண்

பெயரும் தபாலைத் தொலைக்கும். வங்கியில் ‘ரா. செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி ராமசாமி’, ஆதாரில் கணவர் பெயரோடு சேர்த்து என்று மூன்று விதமாக இருந்தால், தபால்காரருக்கு அது மூன்று ஆள். பெட்டியில் வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும், இன்னின்ன வடிவத்தில் தபால் வரும் என்பதற்கு ஏற்ப, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். வாடகை வீட்டில் பழைய குடித்தனக்காரர் பெயர் இன்னும் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டிக்கர் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். எனாமல் பெயின்ட் அல்லது செதுக்கிய அக்ரிலிக் பலகை நிற்கும்.

அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாக நாடு முழுவதையும் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. தோட்டத்து வீடு, புது லேஅவுட் போன்ற கதவு எண் இல்லாத இடங்களுக்கு நல்ல துணை. கதவு எண் உள்ள தெருவில் அது கதவு எண்ணுக்கு மாற்றாகாது. அடுக்குமாடியில் ஒரே கட்டத்துக்குள் மேலும் கீழுமாகப் பல வீடு இருக்கும்.

பெட்டி. கடைகளில் தொங்கும் அழகான பெட்டிகளில் பாதி, ஏ4 தாளை மடிக்காமல் வைக்கும் பெரிய உறைக்குப் பொருந்தாது. அந்த உறை சுமார் 23 செ.மீ. அகலம், 32.5 செ.மீ. நீளம். வாய் 25 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. உயரமும், உள்ளே 36 செ.மீ. ஆழமும் இருந்தால்தான் இதழும் பெரிய உறையும் முழுசாக உள்ளே விழும். இல்லாவிட்டால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு மழையோ, தெருப் பையன்களோ, யாருக்கு முதலில் கண்ணில் படுகிறதோ அவர்கள் பாடு.

வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். வாய்க்கு மேலே 3 செ.மீ. நீளும் கூரை மடிப்பு. வாய்க்குக் கீழே உள்பக்கமாகச் சரியும் ஒரு தகடு. அது இருந்தால் கைவிட்டு எடுக்க முடியாது. அடியில் 5 மி.மீ. ஓட்டை நாலு, ஐப்பசி கார்த்திகைச் சாரல் எந்தப் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் போகும், தண்ணீர் தேங்கினால் அடியில் கிடக்கும் கடிதம் கூழாகிவிடும். கடலோரத்தில் சாதாரணத் தகடு இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். சின்னத் தொங்குபூட்டு துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு பெட்டியைத் திறந்தே போட்டுவிடுவீர்கள். மேஜை டிராயருக்குப் போடும் உருளைப் பூட்டு மேல்.

இடம்: மதில் சுவரில், வாய் தெருப்பக்கமும் கதவு உங்கள் பக்கமுமாக, வாய் தரையிலிருந்து 120 முதல் 140 செ.மீ. உயரத்தில். கேட்டுக்கு உள்ளே பெட்டி இருந்து, நாயும் அவிழ்த்துவிடப்பட்டிருந்தால், தபால்காரர் கேட்டின் கம்பியில் செருகிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அடுக்குமாடியில் சாதாரணத் தபால் தரைத்தளப் பெட்டி வரைதான் வரும். அங்கே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் கதவு உடைந்தது எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், சங்கக் கூட்டத்தில் என்ன பேசுவது என்று தெரிந்துவிடும்.

தினமும் திறந்து காலி செய்யுங்கள். விளம்பர நோட்டீஸ் வாயை அடைத்துக்கொண்டால் அன்றைய கடிதம் வெளியேதான்.

மறைமுகச் செலவு: முகவரியை ஒரு இடத்தில் மாற்றினால் போதாது. வங்கி, காப்பீடு, பங்குக் கணக்கு, ஆதார், பான் என்று ஒவ்வொன்றிலும் மாற்ற ஒரு முழு வாரம் போகும்.

யாருக்குச் சரி: சோதனையில் ‘வாசலில் நழுவுகிறது’ அல்லது ‘முகவரி’ என்று விடை வந்த எல்லாருக்கும்.

## வழி 2: தபால் நிலையத்தில் த.பெ. எண்

டெலிவரி ஆபீஸில் விண்ணப்பம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, முன்கூட்டிய வாடகை. பெட்டி எண்ணும் சாவியும் தருவார்கள். எல்லா ஆபீஸிலும் பெட்டிகள் இருக்காது. தலைமை அஞ்சலகங்களிலும் பெரிய ஆபீஸ்களிலும் கேட்க வேண்டும். பிறகு உங்கள் முகவரி ‘த.பெ. எண் இத்தனை, இன்ன அஞ்சலகம், ஊர், பின்கோடு’ என்று சுருங்கிவிடும்.

இதன் பலம், தெரு என்ற கட்டமே இல்லாமல் போவது. தபால் பிரித்ததும் நேராகப் பெட்டிக்குப் போகும். தபால்காரர் மாறினாலும், வீடு மாறினாலும், தெருவில் தண்ணீர் நின்றாலும் பாதிப்பில்லை. வீட்டு முகவரியை அச்சில் போட விரும்பாத சிற்றிதழ் ஆசிரியர், சங்கம், அறக்கட்டளை, தபாலில் ஆர்டர் வாங்கும் சின்ன வியாபாரி ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

வீட்டுக்காரர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. வங்கியின் வாடிக்கையாளர் அடையாளப் பதிவுக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கும் குடியிருக்கும் முகவரிதான் வேண்டும். தனியார் கூரியர்காரர் தபால் பெட்டிக்குள் போட முடியாது. கையெழுத்துத் தபால் வந்தால் பெட்டியில் சீட்டுதான் இருக்கும். கவுன்ட்டர் நேரத்தில் போய் வாங்க வேண்டும். வாடகையைவிடப் பெரிய செலவு, வாரம் இரண்டு தடவை போய்வருவது. முதல் மாதம் ஆசையாகப் போவார்கள். நாலாவது மாதம் பெட்டி நிரம்பி வழியும்.

ஆபீஸ் போகிற வழியிலேயே தபால் நிலையம் இருந்து, பெரும்பாலும் இதழும் கடிதமும்தான் வருகின்றன என்றால் எடுக்கலாம். மற்றபடி வேண்டாம்.

## வழி 3: ஆபீஸ், உறவினர், வாட்ச்மேன்

பகலில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு உடனடி நிவாரணம் இது. செலவே இல்லை என்று தோன்றும். இரண்டு வருடம் கழித்துத்தான் செலவு தெரியும். வேலையை விட்ட பிறகும் வங்கிக் கார்டு பழைய ஆபீஸ் வரவேற்பு மேஜைக்கே போகும். உறவினர் வீட்டில் தபால் டிவி மேல் மூன்று மாதம் கிடக்கும்; ‘உனக்கு ஏதோ வந்துச்சே, சொல்லலையா?’ என்பார்கள். கடன் நோட்டீஸையும் மருத்துவ அறிக்கையையும் வேறொருவர் கையில் பிரித்த நிலையில் வாங்க நேரிடும்.

வாட்ச்மேன் ஏற்பாடு ஒழுங்காக நடக்க ஒரு நோட்டு வேண்டும். தேதி, வீட்டு எண், அனுப்பியவர், எடுத்துக்கொண்டவர் கையெழுத்து என்று நாலு கட்டம் போதும். நோட்டு இல்லாத இடத்தில் ‘கொடுத்துட்டேனே சார்’ என்பதுதான் பதில்.

இதைவிடச் சரியான ஒரு இடைவழி பலருக்குத் தெரியாது. முகவரியை மாற்றாமல், உங்கள் கையெழுத்துத் தபாலை இன்னார் வாங்கலாம் என்று டெலிவரி ஆபீஸ் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவோ, கீழ்வீட்டுப் பெரியவரோ, நம்பிக்கையான ஒருவர் இருந்தால் போதும். உங்கள் கையெழுத்து, அவருடைய மாதிரிக் கையெழுத்து, இருவரின் அடையாளச் சான்று நகல் சேர்த்துக் கொடுங்கள். பாஸ்போர்ட் போல விண்ணப்பித்தவர் கையிலேயே தர வேண்டியவற்றுக்கு மட்டும் இது உதவாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பச் சொல்வது

‘பதிவுத் தபாலையே நிறுத்திவிட்டார்கள்’ என்ற பேச்சில் பாதிதான் உண்மை. தனிச் சேவையாக இருந்த பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டுக்குப் புதுக் கட்டணம். பதிவு என்பது அதன் மேல் 5 ரூபாய்க்கு வாங்கும் கூடுதல் வசதி. ஓடிபி சொன்னால்தான் தருவது என்ற வசதிக்கும் 5 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி.

உள்ளூர் தாண்டிய 50 கிராமுக்கு, நாட்டில் எங்கே அனுப்பினாலும் 47 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 55 சொச்சம். பதிவும் ஓடிபியும் சேர்த்தால் 67 சொச்சம்.

இந்த இரண்டு கூடுதல் வசதிகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். இரண்டும் இல்லாமல் வந்தால், அந்த வீட்டில் இருக்கும் யாராவது வாங்கிக்கொள்ளலாம். பதிவு இருந்தால் பெயருக்குரியவர் அல்லது எழுதிக்கொடுத்து அனுமதித்தவர் மட்டும்தான். ஓடிபி இருந்தால், குறுஞ்செய்தி வந்த செல்லை வைத்திருப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும். மகள் ஆபீஸில் மீட்டிங்கில், செல் அமைதி நிலையில். அப்பா வாசலில் நின்று ‘என் பொண்ணுக்குத்தான்யா வந்திருக்கு, கொடு’ என்கிறார். தபால்காரரால் கொடுக்க முடியாது. பாதுகாப்புக்காகக் கட்டிய 5 ரூபாய் தபாலைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் வெறும் ஸ்பீடு போஸ்ட்டே மேல்.

கதவு பூட்டியிருந்தால் தபால் டெலிவரி ஆபீஸுக்குத் திரும்பும், பொதுவாக 7 நாள் காத்திருக்கும், பிறகு அனுப்பியவருக்கே போகும். வாசலில் சீட்டு இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஆங்கிலத்தின் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவுக்கான இரண்டு எழுத்து என்று 13 இடம் கொண்ட டிராக்கிங் எண்ணை அனுப்பியவரிடம் அன்றே வாங்கிவிடுங்கள். ‘டெலிவரிக்குப் புறப்பட்டது’ என்று வந்த நாளில் மாலைக்குள் வரவில்லை என்றால், மறுநாள் காலை தபால்காரர்கள் கிளம்புவதற்கு முன் ஆபீஸுக்குப் போனால் கையிலேயே வாங்கலாம். அடையாள அட்டை கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகின்றன. ஆர்டிஓ அலுவலகத்தில் கையில் தருவதில்லை. இங்கே உங்கள் தேர்வு என்று எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் முகவரியும் செல் எண்ணும் சரியாக இருப்பது மட்டும்தான் உங்கள் கையில் உள்ளது.

இதழ்ச் சந்தாதாரர்களுக்கு ஒரு கணக்கு. 150 கிராம் மாத இதழ், 200 கி.மீ.க்குள். 51 முதல் 250 கிராம் வரையிலான கட்டணம் 59 ரூபாய். பன்னிரண்டு இதழுக்கு 708, ஜிஎஸ்டியோடு சுமார் 835. சந்தாவையே மிஞ்சிவிடும். மூன்று இதழ் சேர்த்துக் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னால் 450 கிராம், உறையோடு 500-க்குள் அடக்கலாம். ஒரு தடவைக்கு 70, வருடத்துக்கு 280, வரியோடு சுமார் 330. இதழைச் சுடச்சுடப் படிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் 500 ரூபாய் மிச்சம். இப்படிக் கேட்டால் பல சிற்றிதழ்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். தொலைந்த இதழை மறுபடி அனுப்பும் செலவு அவர்களுக்கும் இருக்கிறது. புத்தகங்களுக்கு 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று தனிச் சேவை உண்டு: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி, டிராக்கிங் உண்டு. தரைவழி என்பதால் மெதுவாக வரும்.

தனியார் கூரியர்? நகரத்துக்குள் நன்று, செல்லில் கூப்பிட்டுவிட்டு வருவார்கள். கிராமத்துக்குப் பலர் வருவதில்லை. பக்கத்து டவுனில் போய் வாங்கச் சொல்வார்கள்.

## வழி 5: காகிதத்தை நிறுத்துவது

வராத கடிதத்தைத் துரத்துவதைவிட, வர வேண்டிய தேவையையே நீக்குவது சில இனங்களில் சுலபம். வங்கி அறிக்கை, காப்பீட்டு நினைவூட்டல், நிறுவன ஆண்டறிக்கை எல்லாம் மின்னஞ்சலில் வரும். இ-ஆதார், இ-பான் இரண்டும் செல்லும். டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம் என்று 2018-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாகிவிட்டது.

ஆனால் எல்லாம் ஒரு செல் எண்ணில் தொங்கும். எண் மாறினால், ரீசார்ஜ் செய்யாமல் எண் போய்விட்டால், தபால் தொலைந்ததைவிடப் பெரிய சிக்கல். வயதானவர்களுக்குக் கடவுச்சொல் போட்ட அறிக்கையைத் திறப்பதே வேலை. ‘உங்கள் பார்சலை டெலிவரி செய்ய முடியவில்லை, முகவரியைப் புதுப்பிக்க இங்கே தொடவும்’ என்று அஞ்சல் துறை பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்திகளும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வருகின்றன. தொடாதீர்கள்.

டெபிட் கார்டு, காசோலைப் புத்தகம், பாஸ்போர்ட், சம்மன் ஆகியவை எப்படியும் காகிதமாகவோ பிளாஸ்டிக்காகவோ வாசலுக்குத்தான் வரும். அதனால் வழி 5 தனியாகப் போதாது. வழி 1-ஐச் செய்துவிட்டு இதையும் சேர்த்துக்கொள்வதே நல்லது.

## புகார்: எந்த வழியோடும் சேரும்

புகாரால் தொலைந்த கடிதம் திரும்பி வருவது அபூர்வம். நஷ்டஈடும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சலகச் சட்டப்படி, விதிகளில் சொல்லியிருப்பதற்கு மேல் துறைக்குப் பொறுப்பு கிடையாது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தால் கதை வேறு. அதனால் பணத்தையும் நகையையும் உறையில் வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள், மொய்ப் பணத்தைக்கூட.

புகாரின் பயன் அடுத்த கடிதத்தில் தெரியும். முதலில் தபால்காரரிடம் பேசுங்கள், குற்றம் சாட்டாமல். ‘இந்தப் பெயர்களுக்கெல்லாம் இங்கே தாருங்கள், ஆள் இல்லாவிட்டால் கீழ்வீட்டில் கேளுங்கள்’ என்று செல் எண்ணோடு ஒரு சீட்டு கொடுத்தாலே பாதி தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் டெலிவரி ஆபீஸ் போஸ்ட்மாஸ்டருக்குக் கடிதம். ‘தபால் சரியாக வருவதில்லை’ என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. சோதனை உறைகளின் எண், போட்ட தேதி, போட்ட இடம், வந்த தேதி என்று பட்டியலாக எழுதுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கு மேல் கோட்டக் கண்காணிப்பாளர், 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண், மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம், டாக் அதாலத் என்ற குறைகேட்பு அமர்வு. எண் உள்ள தபாலுக்கு டிராக்கிங் எண்ணோடு இணையத்திலேயே பதியலாம், வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் பெட்டியில் பிறர் தபால் விழுந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது எங்கே போகிறது என்பதற்கு அது துப்பு. பிரிக்காமல் தபால்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது ‘இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதிச் சிவப்புப் பெட்டியில் போடுங்கள்.

## நிலைமைக்கு ஏற்ப

இருவரும் வேலைக்குப் போகும் தனி வீடு: வழி 1, கூடவே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அனுமதி. ஆபீஸ் முகவரி வேண்டாம்.

பெற்றோர் ஊரில் தனியாக, பிள்ளைகள் வெளிநாட்டில்: வங்கியில் செல் எண் பிள்ளையுடையதாக இருந்தால் ஓடிபி அங்கே போகும், கார்டு இங்கே வாசலில் நிற்கும். பெற்றோர் கையில் இருக்கும் எண்ணையே பதியுங்கள்.

சிற்றிதழ், சங்கம், சிறு வியாபாரம்: த.பெ. எண்.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்: எதையெல்லாம் மின்வழிக்கு மாற்ற முடியுமோ மாற்றிவிடுங்கள். காலி செய்வதற்கு முந்தின வாரம், பழைய டெலிவரி ஆபீஸில் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதிப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பக் கடிதம் கொடுங்கள். அது நிரந்தர ஏற்பாடு அல்ல. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பெட்டியில் உங்கள் பெயரை இன்னும் சில மாதம் விட்டுவைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அடுத்து வரும் குடித்தனக்காரரின் செல் எண்ணையும் வாங்கிக்கொண்டு லாரியில் ஏறுங்கள்.